கெடுவுக்கு ஒரு நாள் முந்தி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகம். வெளியூர் நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்துத் தருவது அங்கே பாக்கியசீலனின் வேலை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு புத்தகத்தையும் அவர் கெடு தாண்டித் திருப்பியதில்லை. முந்தின நாளே கட்டி அனுப்பிவிடுவார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

ஸமீஹா பத்தமடையிலிருந்து வந்துபோகும் ஆய்வு மாணவி. தாமிரபரணி வெள்ளங்களைப் பற்றிய பழைய நூல் ஒன்றை அவளுக்காகச் சென்னையிலிருந்து தருவித்தார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நகலோ படமோ எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு, தினம் இரண்டு மணி நேரம் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையாலேயே எழுதினாள். என்றைக்கு வரை இருக்கும் என்று அவள் கேட்டபோது, சீட்டில் ‘வெள்ளி’ என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. மூன்று மணிக்குப் பழுப்புத் தாளையும் நூலையும் எடுத்துவைத்தார்.

“நாளைக்குத்தான அண்ணாச்சி கெடு? இன்னைக்கே எதுக்குக் கட்டுதிய?” என்றார் உதவியாளர் இசக்கிதுரை.

“தபால்ல ஒரு நாள் போகும்லா வே.”

“உங்கள விட்டா, புஸ்தகம் வரதுக்கு முன்னாலயே திருப்பி அனுப்பிருவிய!”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் பிறகு அவரை ரொம்ப நாள் படுத்தியது. எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லையே.

வெள்ளி காலை, கதவு திறந்த கையோடு அவள் வந்தாள். “பிள்ளைக்குக் காய்ச்சல் சார். நாலே பக்கந்தான், இன்னைக்கு முடிச்சிருவேன்.”

நூலை நேற்றே தபாலில் அனுப்பிவிட்டதை அவர் சொன்னார். அவள் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தானே பார்த்துக்கொண்டாள். “வெள்ளின்னுதான போட்டிருக்கிய...” என்றாள் பைய. சண்டை போட்டிருந்தால் விதியைச் சொல்லித் தப்பித்திருப்பார். அவள் போடவில்லை.

மறுபடி விண்ணப்பித்தார், போனிலும் கெஞ்சினார். நூலின் தையல் தளர்ந்துவிட்டது, இனி வெளியூருக்கு அனுப்புவதற்கில்லை என்றார்கள் சென்னை நூலகத்தில். அவளுக்கோ ஆய்வேடு ஒப்படைக்க ஒரு மாதம்தான் இருந்தது. காய்ச்சல் விட்டும் விடாத பிள்ளையோடு சென்னைக்குப் போய்வர வழியில்லை.

அடுத்த வருஷம் அந்த ஆய்வேடு நூலகத்துக்கு வந்தது. பாக்கியசீலன் நின்றபடியே கடைசி இயலைப் புரட்டினார். ஓர் அடிக்குறிப்பு: ‘மூலநூலின் இறுதிப் பக்கங்கள் பார்வைக்குக் கிடைக்கவில்லை.’

யாரால் என்று எழுதியிருக்கவில்லை. பட்டியல் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, இசக்கிதுரை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகும், அவர் எண் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.