ஒரு மைல் தள்ளி விழுந்த புகை

நூற்று நாலு. இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 1953-ல், ஆனி பிறந்து புரட்டாசி முடிவதற்குள், கூரை ஓடு சுடும் ஆலையின் மேலாக வந்த காற்று தோவாளை முத்துக்கனியின் பிச்சித் தோட்டத்தில் இறங்கிய நாள்கள் அவை. எண்ணியது சர்க்கார் அல்ல. முத்துக்கனிதான்.

அவள் வீட்டார் அய்யாவழி. பக்கத்தில் அவர்கள் கும்பிடும் நிழல்தாங்கலில் காவிக்கொடி பறக்கும். உச்சி வேளையில் கொடி நுனி கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து நின்றால், பூக்கட்டும் வாழைநாரில் ஒரு முடிச்சு போடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. முடிச்சு தப்பாது.

1947-ல் பகவதியப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். இருவரும் நாற்பது சென்ட் நிலத்தைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் பிச்சி நட்டார்கள். அதுதான் சோறு. 1950-ல் மேற்கே ஒரு மைல் தள்ளி குலசேகரன் முதலாளி ஓட்டு ஆலை கட்டினார். பனையை விட உயரமான புகைக்கூண்டு. திருநெல்வேலியிலிருந்து லாரியில் நிலக்கரி.

மறு வருஷமே இலையின் மேல்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளி. பிறகு ஓரம் கருகியது. மொட்டு விரியாமல் உதிர்ந்தது. மழை நாளில் இல்லை. நல்ல வெயிலடித்து மேற்குக் காற்று வீசிய நாளில்தான். அன்றைக்குத் தோட்டத்தில் புகை என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. தொண்டை மட்டும் கரகரக்கும். ஐப்பசியில் காற்று கிழக்கே திரும்பியதும் புதுத் தளிர் பச்சையாக வரும்.

ஆலைத் தொழிலாளர் சங்கத்து ஆள் டைட்டஸ் மனு எழுதினான். ஆலையை மூடு என்று கேட்கவில்லை. மேற்குக் காற்று அடிக்கும் அந்த நாலு மாதம் சூளையில் தீ போடாதே, அவ்வளவுதான். தக்கலை சர்க்கார் ஆபீசுக்கு ஆறு தடவை பஸ் ஏறினார்கள். தை மாதம் பார்க்க வருகிறோம் என்றார்கள். தையில் வந்து எதைப் பார்ப்பது? டைட்டஸ் சண்டை பிடித்து, 1954 ஆடிக்கு மாற்றினான். சரியான காற்று, சரியான வெயில், தோட்டம் முழுக்கக் கருகிய இலை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே முத்துக்கனி தோட்டத்தில் இறங்கினாள். பெரிய ஆள் வருகிறார் என்றால் முற்றம் தூத்துப் பெருக்கி, சாணம் தெளிப்பது அங்கே வழக்கம். தோட்டம்தான் அவளுக்கு முற்றம். கருகிய இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள்.

"ஏட்டி, ஆபீசரு பொண்ணு பாக்கவா வாறாரு?" என்றான் பகவதியப்பன்.

"பின்ன? சருகுக்க எடையிலயா அவர நிறுத்த? முத்துக்கனிக்க தோட்டம் சீக்குக்கோழி மாதிரி நிக்குன்னு நாலுபேரு சிரிப்பாளுவ. சும்மா நிக்காம குனியும்."

அவனும் குனிந்தான். பொழுது சாயும்போது ஒரு கருகல் இல்லை. எல்லாம் எருக்குழிக்குள்.

மறுநாள் டைட்டஸ் வந்து பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. "எக்கா, எலை எங்க?"

"கிள்ளிப் போட்டாச்சு தம்பி. இப்பம் எப்பிடி இருக்குன்னு பாரு."

"குடியக் கெடுத்தியளே எக்கா!"

அவளுக்கு விளங்குவதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி வரப்பில் நின்றபடியே பார்த்தார். "நல்ல தோட்டமாக்குமே. இதுக்கா மனு?"

முத்துக்கனி எருக்குழிக்கு ஓடி, இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். "இந்தா பாருங்க ஏமானே, எலை முழுக்கப் புள்ளி."

"குப்பையில கெடக்குற எலை பின்ன எப்பிடி இருக்கும்?" என்றார் அவர். "ஆலைய ஒட்டி நாராயணபெருமாளுக்க தோட்டம் இருக்கு. அது பச்சையாட்டு நிக்குது. பக்கத்துல உள்ளது கரியாம ஒரு மைல் தள்ளி உள்ளதா கரியும்?"

"கூண்டு ஒசரம் சார்," என்றான் டைட்டஸ். "அடியில உள்ளவன் தலைக்கு மேல போவும். காத்து கொண்டுபோயி இங்க எறக்கும்."

"நீ ஆலையில சங்கம் வெச்சவன்தானே? ஒனக்கு முதலாளி மேல கோவம்."

முத்துக்கனி மடியிலிருந்து, போன வருஷம் முடிச்சுப் போட்ட வாழைநாரை எடுத்து நீட்டினாள். "காத்து அடிச்ச நாளு. ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க." அவர் கையில் வாங்கவில்லை. "பூக்கட்டதுக்கு உள்ள நாரை எனக்கு எதுக்குத் தாற?" டிரைவர் சிரித்தான்.

அறிக்கை இரண்டு வரி. தோட்டத்தில் சேதம் இல்லை. புகார் ஆதாரமற்றது.

அன்று ராத்திரி பகவதியப்பன் அவளைத் திட்டவில்லை. தானும் சேர்ந்து கிள்ளியவன் என்ன வாயால் திட்டுவான்? அடுத்த இரண்டு ஆடியிலும் இலை கருகியது. கிள்ள யாரும் இறங்கவில்லை. பார்க்கவும் யாரும் வரவில்லை.

1956 நவம்பரில் ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. டைட்டஸ் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனான். மறுவாரமே புது மனுவோடு போய் நின்றான். பழைய கோப்பைக் கொண்டு வா என்றார்கள். கோப்பு திருவனந்தபுரத்தில். அங்கே கேட்டால், உங்கள் ஊர் இப்போது எங்களுடையது இல்லை என்றார்கள். தோட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம், மனு அந்தப் பக்கம். காற்றுக்கு மட்டும் எல்லை கிடையாது.

கார்த்திகையில் நிலத்துக்காரன் நிலத்தைத் திருப்பிக் கேட்டான். பூக்காத தோட்டத்தை வைத்திருந்து என்ன செய்ய? பகவதியப்பன் மண்வெட்டி எடுத்தான். முத்துக்கனி கூடவே நின்று செடிகளை இழுத்துப் போட்டாள்.

வேரோடு பிடுங்கிய பிச்சி முந்நூற்று அறுபத்திரண்டு மூடு. இதையும் எண்ணியது முத்துக்கனிதான்.