மை துடைக்காத காதலன்

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் முருகவேல் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கலா, தனபால் அண்ணன் போயிட்டாரு" என்றார். நெஞ்சுவலியாம். நேற்றுக்கூட மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "இன்னா கதாநாயகி, கத்திரிக்கா வாங்குறியா?" என்று கிண்டல் செய்த மனிதர்!

சுரங்கத்தில் கன்வேயர் ஓட்டியவர். ஷிஃப்ட் முடிந்தால் அரிதாரம் பூசிவிடுவார். அவர் போட்ட அந்தப் பழைய சிரிப்பு நாடகம் நெய்வேலிக்காரர்கள் பலருக்கும் நினைவிருக்கும். காட்டில் தூங்கும் காதலர் கண்ணில் குறளிப் பிசாசு ஒருவன் வசிய மை தடவுவான். விழித்ததும் யாரை முதலில் பார்க்கிறார்களோ அவர்மேல் பித்து. ஜோடி மாறி ஒரே ரகளை. அதைத்தான் செல்போனில் படமாக எடுக்க இறங்கினார். காட்டுக்கு ஒரு முந்திரித் தோப்பு கிடைத்தது.

நானும் கணவரும் பேசிக்கொள்ளாத காலம் அது. பண்ருட்டிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று பையைக் கட்டி வைத்திருந்தேன். தெரிந்தேதான் தனபால் அண்ணன் எங்களை ஜோடியாகப் போட்டார். முடியாது என்றேன். "சண்டை போட்டுக்கினே நடிங்க, கேமராவுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

கடைசிக் காட்சியில் எல்லார் கண்ணிலும் மை துடைக்கப்படும், ஒரு காதலனைத் தவிர. அவன்தான் என் கணவர். "என் காதல் நிரந்தரம்" என்று சொல்ல வேண்டியவர், "என் காதல் பர்மனென்ட்" என்றுவிட்டார். வேலை நிரந்தரமாகாமல் பல வருடமாகக் கான்ட்ராக்டிலேயே கிடக்கிறவர் வாயில் அந்தச் சொல்! தோப்பே சிரித்தது. அவர் தலை குனிந்துவிட்டார். கோபத்தையும் மீறி அவர் கையைப் பிடித்தேன். தனபால் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அதுவே இருக்கட்டும், இன்னொரு டேக் வேணாம்" என்றார்.

ஆனாலும் என் மனம் கேட்கவில்லை. "மையால வந்த ஆசைதானேண்ணே, எத்தினி நாளைக்கு?" என்று கேட்டேன். நான் படத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"தடவுன குறளி எப்பவோ போயிட்டான். அப்புறமும் ஒருத்தன் ஷிஃப்ட் முடிஞ்சி தெனம் உன் வூட்டுக்கே வந்துகினு இருந்தா, அது மை செய்யிற வேலை இல்லம்மா."

வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்துவிட்டேன்.

சண்டை இப்போதும் உண்டு. அவர் வேலையும் இன்னும் கான்ட்ராக்ட்தான். தனபால் அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது எது என்று கேட்டால் படத்தைச் சொல்ல மாட்டேன். இதை எழுத முடியாமல் நான் அழுதுகொண்டிருக்க, அடுப்படியிலிருந்து "டீ ஆறுது, வா" என்று ஒருவர் கூப்பிடுகிறாரே, அவரைத்தான் சொல்வேன்.