தட்டுக்கு அடியில என்ட நம்பர்

கேக் அடிச்சு விக்கிற தொழிலில கேக் அடிக்கிறதுதான் லேசான வேலை. அதை வாங்கிறதுக்கு ஆள் பிடிக்கிறதிலதான் நாரி முறியும். தனிய ஒரு கடையைப் போட்டுக்கொண்டு, ஆரும் வருவினமோ எண்டு வாசலையே பாத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

என்ட கடை திருகோணமலையில, உள்துறைமுக வீதிக்குக் கிட்ட, எங்கட வீட்டு முன்னறை. போன கார்த்திகையில என்ட மனுசன் ஒரே முடிவாச் சொல்லிப்போட்டார். சித்திரை வருசத்துக்கு முதல் ஒரு நிரந்தர ஓடர் வரவேணும். வராட்டி முன்னறையை ஃபோன் திருத்திற ஒருத்தருக்கு வாடகைக்கு விடுறது, நான் பழையபடி சீனன்குடாக் கந்தோருக்கு வேலைக்குப் போறது.

ரெண்டு ஒழுங்கை தள்ளி டிலானி இருக்கிறா. அவவும் கேக்தான். கடை இல்லை, போர்ட் இல்லை, வீட்டுக் குசினிதான். ஆனா கலியாணமோ, பிறந்தநாளோ, சனம் முழுக்க அவவின்ட வாசலிலதான். எனக்கு வயிறு எரியும். ஒளிக்க என்ன இருக்கு? உங்களுக்கும் உங்கட தெருவில ஒரு டிலானி இருப்பா.

கூட்டத்தில

சிறுதொழில் செய்யிற ஆக்களுக்கு ஒரு கூட்டம், நாலு பேரைப் பழகினாத்தான் தொழில் வளரும் எண்டு சொன்னாங்கள். பட்டுச்சீலை உடுத்து, கைப்பை நிறைய விசிட்டிங் காட் அடிச்சுக்கொண்டு போனனான். அங்க போய்ப் பாத்தா எல்லாரும் விக்க வந்தவைதான், வாங்க ஒருத்தரும் இல்லை. விடுவனோ? கண்ட கண்ட கையிலயெல்லாம் காட்டைத் திணிச்சன்.

டிலானியும் வந்தவ. கையில ஒரு காட்டும் இல்லை. தையல்காரியிட்ட "மகளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?" எண்டு கேக்கிறா. தம்பலகாமத்தில இருந்து தயிர் கொண்டாற அண்ணையிட்ட "ராத்திரி ஆனை வந்ததாமே, வேலி தப்பிச்சுதோ?" எண்டு கேக்கிறா. இதெல்லாம் ஒரு தொழில் கதையோ? ஆனா தேத்தண்ணி நேரம் எல்லாரும் அவவைச் சுத்தித்தான் நிண்டவை. எனக்குப் பக்கத்தில மிஞ்சினவர் வள்ளத்து இஞ்சின் திருத்திற ஒரு ஐயா மட்டும்தான். அவரைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு காட்டை நீட்டினன்.

"பிள்ளை, இது நீங்கள் எனக்குத் தாற மூண்டாவது காட்" எண்டார் அவர்.

கடற்கரையில

சரி, சனத்தை நாங்களே தேடிப் போவம் எண்டு மழை விட்ட ஒரு பின்னேரம் கடற்கரையில ஒரு மேசை போட்டன். சும்மா ருசி பாக்கச் சின்னச் சின்னக் கேக் துண்டு, பக்கத்தில கலர் நோட்டீஸ் ஒரு கட்டு. அந்த நேரம் பாத்து டிலானி மனுசனோட உலாத்த வந்தா. அவவைக் கண்டவுடன நான் முகத்தைத் திருப்பிக் கடலைப் பாத்தன்.

திரும்பினா மேசையில மான்! எங்கட ஊர் மானுகளைப் பற்றித் தெரியும்தானே, பஸ் ஸ்டாண்டிலயே ஆக்களை விலத்திக்கொண்டு திரியுங்கள். முதல் நோட்டீஸ் கட்டு போச்சு, பிறகு கேக். சனம் சும்மா கூடிச்சுதே! அவ்வளவு சனத்தை அதுக்கு முதல் என்ட மேசை கண்டதில்லை. எல்லாரும் மானைத்தான் படம் எடுத்தவை. டிலானிதான் ஓடி வந்து மானைக் கலைச்சு, மேசையைத் துடைச்சும் தந்தா. அவ துடைக்கத் துடைக்க எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்திச்சுது. கச்சான் விக்கிற அண்ணை அந்த நேரம்தான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, மானுக்கு நல்லாப் பிடிச்சுப்போட்டுது. அதின்ட நம்பரையாவது வாங்கி வையுங்கோ."

செத்த வீட்டில

பக்கத்துத் தெருவில ஒரு பெரியவர் மோசம் போனார். பெரிய குடும்பம், வெளிநாட்டில இருந்தெல்லாம் பிள்ளையள் வந்திருந்தவை. துக்கம் விசாரிக்கத்தான் போனனான், சத்தியமா. போனா, குசினியில நிண்டு சனத்துக்குக் கோப்பி ஊத்திறது ஆரெண்டு நினைக்கிறீங்கள்? டிலானி! அந்த வீட்டுப் பொம்பிளையள் அவவின்ட தோளில சாஞ்சு அழுகினம்.

எனக்கு மூளை குழம்பிப் போச்சு. இப்பிடியே விட்டா இந்த வீட்டு நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அவதான் எண்டு நினைச்சு, செத்தவரின்ட மருமகளின்ட கையைப் பிடிச்சு ரெண்டு சொல் ஆறுதல் சொல்லிப்போட்டு, அப்பிடியே ஒரு காட்டையும் கைக்குள்ள வைச்சிட்டன். அந்தப் பிள்ளை காட்டை வாசிச்சுது. என்னைப் பாத்துது. திரும்பவும் காட்டைப் பாத்துது.

"அக்கா, மாமாவைக் கொண்டுபோனதே சீனி வருத்தம்தான்."

நீலப்பூத் தட்டு

எங்கட பக்கத்தில வெறும் தட்டைத் திருப்பிக் குடுக்கிறதில்லை. நத்தாருக்குக் கேக் வந்த தட்டில பொங்கலுக்குப் புக்கை போகும். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்த கோப்பையில தீவாளிக்குப் பலகாரம் போகும். டிலானி வேதக்காரி. நத்தாருக்கு எங்களுக்கும் கேக் அனுப்பினவ, நீலப்பூப் போட்ட வடிவான பீங்கான் தட்டில. நான் தொட்டும் பாக்கேல்லை.

பொங்கலுக்குத் தட்டுத் திருப்பேக்கைதான் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்திச்சுது. தண்ணியில ஊறினாலும் கழராத ஸ்டிக்கர் அடிச்சு வைச்சிருந்தனான், கடைப் பேரும் என்ட நம்பரும் போட்டு. இந்தத் தட்டு நாளைக்கு எத்தினை வீட்டுக்குப் போகும், அவவின்ட தட்டிலயே என்ட நம்பர் போகட்டும் எண்டு அடியில ஒண்டை நல்லா அமத்தி ஒட்டினன். மேல புக்கை, முந்திரிகை வத்தல், எல்லாம் அமோகமா வைச்சன். மனசுக்குள்ள ஒரு குளிர்ச்சி. இவர் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவர்.

"இஞ்சேரும், தட்டுக் குடுக்கப் போறீரோ, எலெக்சனுக்கு நோட்டீஸ் ஒட்டப் போறீரோ?"

அந்தக் கேக்

பங்குனி முடியிற நேரம். ஃபோன் கடைக்காரர் வந்து முன்னறையை அளந்தும் போட்டார். அப்பதான் உப்புவெளியில விருந்தினர் விடுதி நடத்திற ஒரு அம்மா கோல் எடுத்தா. சேர்ச் திருநாள் தேத்தண்ணியில ஒரு கேக் சாப்பிட்டவவாம், ஆர் செய்தது எண்டு தட்டைத் திருப்பிப் பாத்தாவாம், என்ட நம்பர் இருந்திச்சுதாம். விடுதிக்கு ஒவ்வொரு நாளும் அந்தக் கேக் வேணுமாம், நாளையிண்டைக்கு ஒண்டு கொண்டுவந்து காட்டட்டாம். "ஓம், ஓம், ஓம்" எண்டு சொல்லி வைச்சிட்டுத் துள்ளினன். துள்ளி முடியத்தான் விளங்கிச்சுது. நான் அந்தத் திருநாளுக்குப் போகவே இல்லை.

அது டிலானியின்ட கேக், அந்த நீலப்பூத் தட்டில போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டா வந்திச்சுது. என்னால ஏலாதோ எண்டு அடிச்சன், திரும்பத் திரும்ப அடிச்சன். ஒவ்வொண்டையும் இவர் வாயில வைச்சுப்போட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது இதில்லை" எண்டார். அது எது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு பாஞ்சன்.

"நத்தார்த் தட்டில உமக்கு வைச்ச துண்டையும் நான்தானே சாப்பிட்டனான்."

டிலானி வீட்டுக் குசினி

அடுத்த நாள் விடிய வெக்கத்தை விழுங்கிக்கொண்டு போனனான். ஸ்டிக்கர் கதையைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் ஒரே மூச்சில கொட்டினன். அந்த ஓடர் உங்களுக்கு வரவேண்டியது எண்டும் சொன்னன். டிலானி கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, உப்புவெளி அம்மாவுக்கு அந்த இடத்திலயே கோல் எடுத்தா. "அண்டைக்குச் சாப்பிட்டது என்ட கை. இனி இந்த அக்காவின்ட கை. நான் காட்டிக் குடுக்கிறன், ருசி மாறாது" எண்டா. அந்த அம்மா அதுக்கும் ஓமாம்! நான் மாசக்கணக்காக் காட் குடுத்தும் கிடைக்காதது ஒரு கோலில முடிஞ்சுது.

பிறகு அந்தக் கேக்குக்கு ரவையை எப்பிடி வறுக்கிறது, எவ்வளவு நேரம் பட்டரில ஊறவிடுறது எண்டு பக்கத்தில நிண்டு காட்டினா. அந்த நீலப்பூத் தட்டு அலுமாரியில இருந்து என்னையே பாத்துக்கொண்டிருந்திச்சுது. கடைசியில தாங்க ஏலாமல் கேட்டிட்டன்: "தட்டுக்கு அடியில... நீங்கள் ஒண்டும் பாக்கேல்லையோ?" டிலானி மாவைக் கிண்டிறதை நிப்பாட்டேல்லை.

"பொங்கலண்டே பாத்தனான் அக்கா. எனக்கு வாற ஓடரே செய்து முடிக்க ஏலாமல் கிடக்கு, ஆராவது திருப்பிப் பாத்தா உங்களுக்கு உதவட்டும் எண்டுதான் அந்தத் தட்டையே எல்லா இடமும் கொண்டு போனனான்."

முன்னறை தப்பிச்சுது, கந்தோருக்குப் போற கதையும் முடிஞ்சுது, ஆனா நல்ல மனசிலயும் இந்த மனுசி எனக்கு முன்னுக்குப் போய் நிக்கிறாவே எண்ட வயித்தெரிச்சலை மட்டும் எந்தத் தட்டில வைச்சுத் திருப்பிக் குடுக்கிறது எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை.