பிராந்தியை ஒளித்து வைத்த மாலை

கோலாலம்பூர் கோர்ட்டில் அப்பா துபாஷி. வெள்ளைக்கார நீதிபதி சொல்வதைத் தமிழிலும், ரப்பர் தோட்டத்து ஜனங்கள் தமிழில் அழுவதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஊரார் பேச்சைப் பேசிவிட்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தால், எங்களுக்கென்று அவரிடம் ஒரு சொல் மிச்சமிருக்காது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். உதடு மட்டும் தானாக அசைந்துகொண்டிருக்கும். பிராந்தி இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் உதடு அடங்கும். என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உதடு அசைவதற்குக் காரணமே பிராந்திதான் என்று நானாகத் தீர்ப்பு எழுதிவிட்டேன். அம்மா வேறு தினமும் மூக்கைச் சிந்துவாள். ஒரு நாள் போத்தலை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். வீட்டையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

அன்று அப்பா வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். அலமாரியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.   ஒளித்ததைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்காரி. கோர்ட்டிலிருந்து அப்பாவின் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். நேராக வந்து அவர் காலில் விழுந்தாள்.

"சாமி, எம் மவனத் தூக்குல போடணும்னு சொல்லிட்டீங்களே. நீங்களே மாத்திச் சொல்லிருங்க சாமி."

"நான் சொல்லலம்மா. தொரை சொன்னதத்தான் தமிழ்ல சொன்னேன்."

"தொரை என்னமோ முணுமுணுத்தாரு. தூக்குன்னு சொன்னது நீங்கதான?"

அப்பா காலை விடுவித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். 

அம்மாதான் அவளைத் தூக்கி நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, தெருமுனை வரை கொண்டுபோய் விட்டு வந்தாள். அப்பா குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். உலைக்கு அரிசி எடுக்கப் போன அம்மாவின் கையில் போத்தல் தட்டுப்பட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.  தானே கிளாஸில் ஊற்றிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலில் விழுந்து கேட்டும் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்கிறாரே, இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று மனம் கொதித்தது. வெகுநேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியைத் தன் வாயால் கேட்கத்தான் அவர் தினமும் அந்தக் கசப்பை விழுங்கினார் என்பது எனக்கு அப்போது தெரியாது.