ஐந்து மீசைகளும் ஒரு மென்பொருளும்

கணினியில் படம் வரையக் கற்றுக்கொண்ட நாட்களைவிட, எந்த மென்பொருளில் வரைவது என்று முடிவெடுக்க நான் எடுத்துக்கொண்ட நாட்கள் அதிகம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் சோதித்துக் கொடுப்பதுதான் என் வேலை. எதையும் அட்டவணை போட்டுப் பார்க்காமல் நான் தொடுவதில்லை. செருப்பு வாங்கக்கூட ஒரு முறை அட்டவணை போட்டேன். அந்தச் செருப்பு இன்னும் உழைக்கிறது.

விஷயம் அக்காவின் போனில் தொடங்கியது.

"என் புள்ளைக்குக் காது குத்தறோம். சின்னசேலத்துல மண்டபம் சொல்லியாச்சு. பேனர் நீதான் வரையணும். போட்டோ வேணாம், படமா வரை."

"நான் இப்பதான் கத்துக்கினு இருக்கேன்க்கா. இன்னும் ஒரு பூசணிக்காகூட ஒழுங்கா வரல."

"பூசணிக்காய யாரு கேட்டா? அண்ணன வரை. பெருசா வரை."

அக்கா ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல, அவள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் பிளெக்ஸ் பேனர் என்பது அழைப்பிதழ் அல்ல, தீர்ப்பு. யார் படம் மேலே, யார் படம் கீழே, யார் வட்டத்துக்குள், யார் வட்டத்துக்கு வெளியே என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் பந்திக்கே போவார்கள். அந்த விழா பேனரில் என் அண்ணன் கடைசி வரிசையில், ஒரு சின்ன வட்டத்துக்குள், வீட்டுக்குச் சென்டரிங் போட்ட மேஸ்திரிக்குப் பக்கத்தில் இருந்தார். ஆதார் அட்டையிலிருந்து வெட்டி எடுத்த படம், கண் பாதி மூடியிருந்தது. போதாததற்குப் பந்தல் கால் சரியாக அந்த வட்டத்தின்மேல் வந்திருந்தது. படத்தைக் கொடுத்தது அக்கா வீட்டுக்காரர். அவருக்கு என் அண்ணன்மேல் கோபமெல்லாம் கிடையாது. அண்ணன் எந்தப் போட்டோவிலும் கண்ணைத் திறந்ததில்லை, கிடைத்ததைக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் அன்று சாப்பிடாமல் எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குத் திரும்பியவர், ஏழு மாதமாக அக்கா ஊர் நைனார்பாளையத்துப் பக்கம் போகவில்லை.

இப்போது காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவதை அக்காவால் நினைத்துப் பார்க்க முடியாது. அண்ணன் ஒரே ஒருவர்தான், வேறு மாமனும் கிடையாது. "அவன் வரலன்னா மண்டபத்த கேன்சல் பண்ணிடுவேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அடுத்த மூச்சிலேயே, "மீச கரெக்டா வரணும்" என்றாள்.

நான் ஒரு புதிய அட்டவணையைத் திறந்தேன்.

என் தேவைகள்: இலவசமாக இருக்க வேண்டும். கல்லூரியில் படித்தபோது வாங்கிய என் பழைய லேப்டாப்பில் ஓட வேண்டும். பத்தடி பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஆட்கள் சதுரம் சதுரமாக உடையக் கூடாது. தமிழ் எழுத்து சரியாக வர வேண்டும். ஆரம்பத்தில் இருப்பவள் எத்தனை தப்பு செய்தாலும் பொறுத்துக்கொண்டு பழையபடி ஆக்கித் தரும் அன்டூ வேண்டும். ஐந்து மென்பொருட்களைப் பட்டியலில் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை ஒன்று வேண்டுமே? அண்ணனின் மீசையைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைக்கு அதைவிடக் கடினமான பொருள் எங்கள் வீட்டில் இல்லை. அடர்த்தியானது. தவிர, இடது கையில் போனை வைத்துக்கொண்டு வலது கையால் முறுக்கியபடியே பேசும் பழக்கத்தால் வலது முனை மட்டும் மேலே ஏறியிருக்கும்.

முதல் மென்பொருள் பெரிய ஓவியர்களுக்கானது. திறந்ததும் நாலு பக்கமும் பொத்தான்கள். முக்கால் மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, ஒரு பொத்தான் பட்டையை எப்படி மறைப்பது என்பது. அதைத் திரும்ப எப்படி வரவைப்பது என்று கடைசிவரை தெரியவில்லை. அதில் வரைந்த மீசை கருவேல முள் போல இருந்தது.

இரண்டாவதில் மீசை நன்றாக வந்தது, தமிழ் வரவில்லை. கொம்பெல்லாம் எழுத்தைவிட்டு விலகி நின்றது. மூன்றாவது இணையத்திலேயே வரைவது. மீசையின் கடைசி முடியை வரையும்போது கரண்ட் போய், மோடம் அணைந்து, மீசையும் போனது. மறுபடி வரைந்தேன். நான்காவது போனில் ஓடுவது. பத்துக் கோடு போட்டால் ஒரு விளம்பரம் வரும். பொறுமையாக ஆறு விளம்பரம் பார்த்தால் பாதி மீசை.

ஐந்தாவதைத் திறந்ததும் வெள்ளைத்தாள் மட்டும் வந்தது. ஓரமாகச் சில பிரஷ்கள். என் கை நடுங்கினால் அதுவே கோட்டை நேராக்கிக்கொண்டது. லேயர் என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னது: ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித்தாள்கள், ஒன்றில் தப்பு செய்தால் மற்றதற்குச் சேதமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஒரே நாளில் முடிவெடுப்பது சரியல்ல என்று இன்னும் ஒரு வாரம் சோதித்தேன்.

அக்கா தினமும் கேட்டாள். "இன்னாடி, வரஞ்சிட்டியா?"

"இன்னும் தேர்வு நடக்குதுக்கா."

"உன் மாமா என்னையே ஒரே நாள்ல பாத்து முடிவு பண்ணிட்டாரு."

"அதனாலதான் அவருக்கு ஒப்பிட்டுப் பாக்க டேட்டா இல்ல" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஒரு நாள் ஐந்து மீசைகளையும் திரையில் வரிசையாக வைத்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். மரவள்ளித் தோட்டத்திலிருந்து வந்த அண்ணன் கைகூடக் கழுவாமல் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"இதுங்க யாருது பாப்பா?"

"ஆபீஸ் வேலைண்ணா. சோதனை."

"ஆபீஸ்ல மீசயக்கூட சோதிக்கறாங்களா?" ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். போகிற போக்கில், "அஞ்சாவது பரவால்ல" என்றார்.

அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார்: "அது தன்னோடதுன்னு அவருக்குத் தெரியும். கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு இருக்காரு, போய்ப் பாரு."

அட்டவணையும் ஐந்தாவதுக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்தது.

பின்னணிக்கு அக்கா கல்வராயன் மலை கேட்டிருந்தாள். பிளெக்ஸ் கடையில் மலை என்று கேட்டால் பனி மூடிய மலையைத்தான் வைப்பார்கள், போன பேனரில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் வேட்டி சட்டையோடு பனியில் நின்றார்கள். இந்த முறை எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலையையே வரைந்தேன். நடுவில் குழந்தை. இடது பக்கம் தாய்மாமன் வீட்டார், வலது பக்கம் அப்பா வீட்டார் என்று பென்சில் கோட்டில் இடம் பிரித்தேன். இரண்டு ஓரத்திலும் வாழைமரம் வேண்டும். அங்கேதான் அந்த மென்பொருளின் சமச்சீர் வசதி கண்ணில் பட்டது. அதை அழுத்திவிட்டால் படத்துக்கு நடுவே ஒரு கோடு வரும். இடப்பக்கம் எதை வரைந்தாலும் வலப்பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் அதுவே வந்துவிடும். ஒரு வாழைமரம் வரைந்தேன், இரண்டு முளைத்தன. ஒரு தோரணம் கட்டினேன், இரண்டு தொங்கின. ஆரம்பநிலையாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதை அணைக்க மறந்துவிட்டேன்.

அண்ணனின் முகத்தை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் வரைந்தேன். கண்ணைத் திறந்து வரைந்தேன். வெள்ளைச் சட்டை, பையில் போன், வலது முனை ஏறிய மீசை. முடித்துவிட்டு முழுப் படத்தையும் பார்த்தபோது அண்ணன் இரண்டு பேராக நின்றிருந்தார். இடது வாழைமரத்தடியில் ஒருவர், வலது வாழைமரத்தடியில் ஒருவர். வலது ஆளை அழிக்க ஒரு நிமிடம் போதும். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு வந்து அழிக்கலாம் என்று எழுந்து போனேன்.

இரண்டாவது இட்லியின்போது அண்ணன் என் அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் ஏழு மாதமாகக் காணாத ஒன்று இருந்தது.

"ரெண்டு பக்கமும் நாந்தானா பாப்பா?"

வாயில் இட்லி இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"மாப்ளதான் அப்பிடிப் போடச் சொன்னாரா?"

நான் தண்ணீர் குடித்தேன். அதையும் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். "சரி, பழச மனசுல வெச்சிக்கினு இருக்கறது தப்புதான்" என்று அண்ணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சீர்த்தட்டுக்குச் சொல்லக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்பே திரையைப் போனில் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

அரைமணி நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். பின்னாலேயே மாமாவின் குரல் கேட்டது. "வலது பக்கம் எங்க அண்ணனுக்கு வெச்ச எடம். அங்கயும் மச்சானே வந்து நிக்கறாரே, எங்க அண்ணன் எங்க நிப்பாரு, மண்டபத்து வாசல்லயா?"

"மாமா, அது ஒரு சின்னத் தவறு."

"அப்ப எடுத்துடு."

"எடுத்தா அண்ணன் வரமாட்டாரு. போன தடவ சின்னதா போட்டதுக்கே ஏழு மாசம். இந்தத் தடவ போட்டதையே அழிச்சா?"

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவன் என்கிட்ட இப்பதான் போன் பண்ணான். ஏழு மாசம் கழிச்சி. புள்ளைக்கு எந்த அளவு கடுக்கன்னு கேட்டான்."

நான் பதற்றப்படவில்லை. பட்டியல் போட்டேன்.

ஒன்று, வலது அண்ணனை அழிப்பது: எங்கள் வீட்டில் சண்டை. இரண்டு, அப்படியே விடுவது: அவர்கள் வீட்டில் சண்டை. மூன்று, மென்பொருள் மேல் பழி போடுவது: ஐந்தில் சிறந்தது என்று நானே சான்று கொடுத்தாகிவிட்டது. நான்காவது எண்ணைப் போட்டுவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதவில்லை. பிறகு அந்தச் சமச்சீர் பொத்தானைத் திரும்ப அழுத்தினேன்.

மாமாவின் அண்ணனை வரைந்தேன், இரண்டு பேர் வந்தார்கள். மாமாவின் தங்கையை வரைந்தேன், இரண்டு பேர். அம்மா, அக்கா, மாமா, அண்ணி, எல்லோரும் இரண்டிரண்டு. கல்வராயன் மலைக்கும் அதே நீதி. இரண்டு பக்கத்திலும் எல்லோரும் இருந்ததால் இது யார் பக்கம் என்ற கேள்வியே இல்லாமல் போனது. குழந்தை மட்டும் நடுக்கோட்டில் இருந்தான். பாதி மூக்கு வரைந்தால் மீதி மூக்கு வந்தது. ஒரு காது வரைந்தேன், அச்சு அசலாக இன்னொரு காது வந்தது. காதுகுத்து பேனருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் பிளெக்ஸ் கடைக்காரர் கோப்பைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க மேடம், காப்பி பேஸ்ட் ஜாஸ்தி ஆய்டுச்சா?"

"இல்லைங்க, டிசைனே அதுதான்."

"கொழந்த மட்டும் கம்மியா இருக்குதே. அதையும் ரெண்டாக்கித் தரட்டுங்களா?"

"குழந்தை ஒண்ணு போதும்."

"உங்க இஷ்டங்க" என்றார். மெஷின் ஓடத் தொடங்கியதும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரையும் பார்க்கக் கூப்பிட்டார்.

சின்னசேலம் மண்டப வாசலில் பேனர் கட்டியிருந்தது. பந்தல் கால் எதுவும் குறுக்கே வராத இடமாக நானே நின்று பார்த்துக் கட்டச் சொன்னேன். மாமாவின் அண்ணன் முதலில் வந்தார். தன்னை இரண்டு முறை பார்த்தார், என் அண்ணனை இரண்டு முறை பார்த்தார், கணக்குச் சரியாக இருந்ததால் உள்ளே போனார்.

பிறகு சீர்த்தட்டுகளோடு என் அண்ணன் வந்தார். தட்டு வைத்திருந்தவர்கள் எல்லோரும் பின்னால் நிற்க, பேனர் முன்னால் நின்றுவிட்டார். மாமா ஓடி வந்து, "வாங்க மச்சான்" என்றார். அண்ணன் இடது பக்கத்து ஆளைப் பார்த்தார், வலது பக்கத்து ஆளைப் பார்த்தார், மறுபடி இடதைப் பார்த்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பாப்பா, இங்க வா. இந்த ரெண்டு பேருக்கும் மீச வேற வேறயா இருக்குதே."

கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "மீசை ஒண்ணுதாண்ணா. அது உங்கள நேரா பாக்கறது, இது கண்ணாடில தெரியற மாதிரி, அதனால மாறித் தெரியுது."

"அதான பாத்தேன்." வலது பக்கத்து ஆளைக் கைகாட்டினார். "இவன்தான் நான். தெனமும் சவரம் பண்ணசொல்ல கண்ணாடில பாக்கறவன். அந்தப் பக்கம் நிக்கறானே, அவன் யாரோ."

நான் அன்று அழிக்க இருந்தது இந்த ஆளைத்தான்.

"அவன் மூஞ்சிதாங்க ஊருக்கெல்லாம் தெரியும்" என்றார் அண்ணி.

"தெரியட்டும். மாப்ள, நான் இவன் நிக்கற பக்கமே உக்காந்துக்கறேன்."

மண்டபத்துக்குள் வலது பக்கம் முழுக்க மாமா வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் அண்ணன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். மாமாவே இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த இடைவெளியில் போட்டார். அண்ணன் உட்கார்ந்து, தோள் துண்டை மடியில் விரித்து, கையை நீட்டினார். அக்கா குழந்தையை அதில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள் பையன் மீசையின் ஏறிய முனையைப் பிடித்துவிட்டான், இரண்டு காதும் குத்தி முடியும்வரை விடவில்லை.