யாருமில்லாத தம்பி

பெண்ணாகப் பிறந்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்று வளர்த்த நான் அந்த விளையாட்டுக்குள் ஆணாகப் போனதற்குத் துணிதான் காரணம்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற புதிது. மகள் ஆஸ்திரேலியாவில், மகன் இங்கே மலேசியாவிலேயே தெற்கே ஜொகூரில். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். பகல் முழுக்கப் போனில் பழங்களை வரிசையாக அடுக்கும் ஆட்டம் ஒன்றை ஆடிக்கொண்டிருப்பேன். ஒருநாள் நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. பறக்கும் நாகம், மலைக்கோட்டை, வாள், கீழே 'இலவசம்' என்று கொட்டை எழுத்து. இலவசம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் ருசி பார்க்கக் கொடுக்கிற பிஸ்கட்டுக்கே இரண்டு தடவை சுற்றி வருகிறவள் நான். உடனே இறக்கிக்கொண்டேன்.

நீ யாராக இருக்கப்போகிறாய் என்று முதலில் கேட்டது. பெண் உருவங்களைப் பார்த்தேன். அம்மாடி! வில் வைத்திருந்தவளுக்கு அரை ரவிக்கை. மந்திரக்கோல் வைத்திருந்தவளுக்கு அதுவும் முழுசாக இல்லை. ஈட்டிக்காரி இடுப்பில் சுற்றியிருந்த துணி அடுப்படியில் கை துடைக்கக்கூடப் பற்றாது. இதைப் போட்டுக்கொண்டு எவள் சண்டைக்குப் போவாள்? என் முகம் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை, அப்படியும் எனக்குக் கூசியது. ஆண்கள் பக்கம் போனேன். கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரும்புக் கவசம் போட்ட இளைஞன் ஒருவன் நின்றான். மரியாதையான உடுப்பு. அவனையே அழுத்தினேன்.

அப்படிப் பிறந்த அந்த மாவீரன் முதல் நாள் முழுவதும் சுவரைப் பார்த்தபடி நின்றான். எப்படித் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பத் தெரிந்ததும் குளத்தில் விழுந்தேன். ஊர்த்தலைவர் ஒருவர் காட்டுப்பன்றிகளை விரட்டச் சொன்னார். பன்றிகள் என்னை விரட்டின. செத்தேன், எழுந்தேன், மறுபடியும் செத்தேன். ஒவ்வொரு தடவையும் 'இந்தப் பெட்டியை வாங்கினால் சாக மாட்டாய்' என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இலவசம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே உண்டியலை நீட்டுகிறான்கள். போங்கடா என்று அதை மூடிவிட்டு நடந்தால், ஒரு மாட்டு வண்டிக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் எழுதுகிற இடத்தில் நானும் "ஐயோ" என்று எழுதினேன்.

"தமிழா?" என்று பதில் வந்தது.

வெள்ளை அங்கி போட்ட வைத்தியக்காரி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். "தம்பி, குதிச்சு வெளிய வா லா. கீழ வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும் பாரு. அத அமுக்குடா" என்று எழுதினாள்.

அமுக்குடா! என் வயதில் கடைக்காரர்முதல் கிளினிக் பெண்வரை எல்லோருக்கும் நான் ஆன்டி. 'டா' போட்டு என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் என்னவோ ஒரு குளிர்ச்சியும் வந்தது. நான் தம்பி இல்லை என்று எழுத அரை நிமிடம் போதும். நான் பட்டனை அமுக்கிக் குதித்தேன்.

அதன்பிறகு தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளோடுதான். எங்கள் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வருவாள். மருந்துப் புட்டியை விற்காதே, நெருப்புமேல் நிற்காதே, பெரிய மிருகத்தை முன்னால் போய் அடிக்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய குழுவிலும் என்னைச் சேர்த்துக்கொண்டாள். மற்றவர்கள் குரலில் பேசினார்கள். என் மைக் கெட்டுப்போய்விட்டது என்றேன். அவள் குரல் கணீரென்று இருக்கும். சொன்னதைக் கேட்காவிட்டால் "மிதிப்பேன்டா" என்பாள்.

ஒருநாள் "தம்பி, சாப்டியா? என்னா சாப்ட?" என்று எழுதினாள்.

அன்று மீன் கறி வைத்திருந்தேன். ஆனால் கவசம் போட்ட வாலிபன் மீன் கறியா வைப்பான்? "மேகி" என்று எழுதினேன்.

"ஏன்டா, சமைக்க வீட்ல யாரும் இல்லியா?"

அதே மீன் கறியைச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவர் அப்போதுதான் ஹாலுக்குப் போயிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். துறைமுகத்தில் வேலை செய்த காலத்திலும் அப்படித்தான். அன்றைக்கு என்னவோ எனக்கு வயிறு எரிந்தது. "யாரும் இல்லக்கா" என்று எழுதிவிட்டேன்.

"அக்கா இருக்கேன்லா" என்று வந்தது. எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "டீ போடப்போறேன். ஒனக்கும் வேணுமா?"

"வேணும்" என்றேன். வெட்கங்கெட்டவள், அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அந்த அனாதைப் பையனுக்கு ஒரு ஊரும் கொடுத்தேன். பந்திங்கில் பிறந்தவன், மேருவில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறான், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறான். அவள் கேட்கக் கேட்கப் பொய் தானாக வந்தது.

தீபாவளி வந்தது. "ஹாஸ்டல்ல தனியா என்னாடா பண்ணப்போற? ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல ஓப்பன் ஹவுஸ். வரலன்னா மிதிப்பேன்" என்று விலாசத்தையும் அனுப்பினாள்.

போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சொன்னால் அடிப்பாளா என்ன? ஆனால் அதற்குப் பிறகு 'டா' போட மாட்டாள். கூட வேலை செய்தவளின் மகள் வீடு என்று அவரிடம் சொன்னேன். கிள்ளானிலிருந்து மேருவுக்கு அவர்தான் கார் ஓட்டினார். மடியில் முறுக்கு டின்னை வைத்துக்கொண்டு, 'அம்மாடி, அந்தத் தம்பி நான்தான்' என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பண்டிகைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிற ஓப்பன் ஹவுஸில் யாரையும் நீங்கள் யார் என்று கேட்கிற வழக்கம் நம் ஊரில் கிடையாது. வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவளுடைய அம்மா என்னைக் கோயிலில் பார்த்த யாரோ என்று நினைத்து, டின்னை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்து உட்கார வைத்தார். அம்மாவுக்குத் தெரிந்தவள் என்று மகள் நினைத்துக்கொண்டாள். குரலை வைத்து அவளைக் கண்டுபிடித்தேன். முப்பது வயது இருக்கும். ஒல்லியாக, நெற்றியெல்லாம் வேர்வையாக, "ஆன்டி, மட்டன் போட்டுக்குங்க" என்று கரண்டியோடு நின்றாள். சொல்ல வந்த வாக்கியம் அந்த 'ஆன்டி' காதில் விழுந்ததும் உள்ளே போய்விட்டது.

ரோட்டில் மோட்டார் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் வாசல் கேட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது முகம் விழுந்திருந்தது. யாரோடும் வலியப் போய்ப் பேசாத மனிதர், அன்று அவர்தான் கேட்டார்.

"யாரும்மா வரணும்? கேட்டையே பாத்துக்கிட்டு இருக்க."

"ஒரு தம்பி அங்கிள். கேம்ல பழக்கம். அப்பா, அம்மா யாரும் இல்ல. மேகியத் தின்னுட்டு ஹாஸ்டல்ல கெடக்குறான்." அவள் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயி சட்டைகூட எடுத்து வச்சிருக்கேன். ஒல்லியாத்தான் இருப்பான்னு மீடியம் எடுத்தேன். வெக்கப்பட்டுக்கிட்டு வரலபோல. இன்னிக்கு எங்க சாப்பிட்டானோ, பாவம்."

அவள் வீட்டு மட்டன் என் வாயில் இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "அந்தப் பையன்கிட்ட சொல்லும்மா. நாங்க கிள்ளான்லதான் இருக்கோம். பிள்ளைங்க ரெண்டும் வெளியூரு, நாங்க ரெண்டு பேருதான். எப்ப வேணும்னாலும் வரட்டும், சாப்பிடட்டும். இவ மீன் கறி வச்சா அந்த மாதிரி யாரும் வைக்க முடியாது. நான் வெளிய எங்கயும் மீன் கறி சாப்பிடறதே இல்ல. யாரும் இல்லன்னு அந்தப் பையன் நெனைக்க வேணாம்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிட்டு, தன் நம்பரையும் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் குறித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றுதான் வந்தது.

திரும்பும்போது காரில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கூப்பிடுவானா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடி போனைத் திறந்தேன். அவள் எழுதியிருந்தாள். "கோவம் இல்லடா தம்பி. சட்டை பத்திரமா இருக்கு. இன்னிக்கு ஒரு அங்கிள் வந்தாரு. ஒன்ன வீட்டுக்கு வரச் சொன்னாரு. ரொம்ப நல்ல மனுஷன். வெக்கப்படாம போன் பண்ணு." அதன் கீழே நம்பர். நான் பார்க்காமலே சொல்லக்கூடிய நம்பர்.

"சரிக்கா" என்று எழுதினேன்.

ஹாலில் டிவி சத்தம் திடீரென்று குறைந்தது. எட்டிப் பார்த்தேன். போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் சத்தத்தைக் குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பையன் கூப்பிட்டா காதுல விழணும்ல" என்றார்.