சேர்க்கை நிறுத்தம்

எல்லைப் போராட்டம் நடந்த நாட்களில் நான் நெய்யாற்றங்கரைப் பட்டணத்தில், ஆதரவற்ற முதியோர் விடுதி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். பாறசாலை எந்த மாநிலத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லை முடிவாகும்வரை அந்தப் பக்கத்துக் கிழவர்களைச் சேர்ப்பதில்லை என்று கமிட்டி தீர்மானித்தது. அதுவரை கிழவர்களும் மூப்பைத் தள்ளிவைப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டும். உத்தரவை அழகான கையெழுத்தில் எழுதி வாசலில் ஒட்டியவன் நான்தான்.

படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட அங்கே ஒரு பணியாளர் இருந்தார். குட்டையான ஆள், தலையில் எப்போதும் ஈரத்துண்டு. யாரைத் தொடுமுன்னும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

ஒருநாள் பாறசாலையிலிருந்து, பக்கவாதம் வந்த கிழவர் ஒருவரை அண்டைவீட்டார் மாட்டுவண்டியில் கொண்டுவந்து, வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பணியாளர் நேரே என் மேசைக்கு வந்தார்.

“சாரே, வாசல்ல ஒட்டுன கடலாசுல என்னவாக்கும் எழுதியிருக்கு?”

“பாறசாலைக்காரங்களைச் சேக்கப்பிடாதுண்ணு.”

“குளிப்பாட்டப்பிடாதுண்ணு உண்டா?”

“இல்ல.”

“கஞ்சி குடுக்கப்பிடாதுண்ணு?”

“அதுவும் இல்ல. எல்லை ஒரு முடிவுக்கு வரட்டும், ஓய்.”

“வரட்டும். அதுவரை மூப்பரு மூத்திரத்துல கெடக்கணுமோ? எழும்பி வாரும் சாரே, நீரு கால் பக்கம் தூக்கும்.”

பிறகு முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து, விதிகளைக் கரைத்துக் குடித்தேன். கடைநிலைப் பணியாளர் எழுத்தருக்கு உத்தரவிட எந்த விதியிலும் இடமில்லை. அன்று நான் ஏன் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்த் தூக்கினேன் என்பது இன்றும் விளங்கவில்லை.